மிட்டாய் வழியே புள்ளியியல்

"சராசரின்னா என்னப்பா?"

ஏழாம் வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டால் எல்லா ஆண்டும் எனக்கு ஒரே பதில்தான் வரும். "எல்லாத்தையும் கூட்டி, எத்தனை இருக்கோ அதால வகுக்கணும் சார்." தேர்வில் முழு மதிப்பெண் பெறக்கூடிய பதில். "சரி, வகுத்ததும் 4 வந்தது. அந்த 4 என்ன சொல்லுது?" என்று தொடர்ந்தால் வகுப்பு அமைதியாகிவிடும். வகுக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு வந்த விடையைப் படிக்கத் தெரியவில்லை. பல ஆண்டுகள் நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சூத்திரத்தை எழுதிப் போட்டு, நான்கு கணக்குகள் செய்ய வைத்து, அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

விழுப்புரம் மாவட்டம் திண்டிவனத்தை அடுத்த பிரம்மதேசத்தில் கணிதம் கற்பிக்கிறேன். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் விவசாயக் குடும்பத்திலும் கூலி வேலைக்குச் செல்லும் குடும்பத்திலும் பிறந்தவர்கள். ஒருநாள் பள்ளிக்கு வரும் வழியில் பெட்டிக்கடையில் ஒரு ரூபாய் மிட்டாய் நூறு வாங்கிச் சென்றேன். சிவப்பு, மஞ்சள், பச்சை, ஆரஞ்சு என நான்கு நிறத் தாள்களில் சுற்றியவை. அன்று தொடங்கியது இப்போது ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை நான் செய்யும் நான்கு செயல்பாடுகளாக வளர்ந்திருக்கிறது. அவற்றையும், மூன்றாவது செயல்பாட்டில் ஒரு மாணவன் கேட்ட கேள்வியையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

செயல்பாடு 1: நிறம் பிரித்தல்

ஆறாம் வகுப்பில் நேர்க்கோட்டுக் குறிகளும் பட்டை வரைபடமும் வருகின்றன. ஐந்து பேர் கொண்ட ஒவ்வொரு குழுவுக்கும் 20 மிட்டாய்களைக் கொடுத்து, நிறவாரியாகப் பிரித்துக் குறியிடச் சொல்கிறேன். ஒரு குழுவுக்குச் சிவப்பு 7, மஞ்சள் 5, பச்சை 5, ஆரஞ்சு 3 கிடைத்தது. பிறகு ஒவ்வொரு நிறத்தையும் ஒரு கோட்டில் தொடங்கி மேல்நோக்கி அடுக்க வேண்டும். அடுக்கி முடித்ததும் மேசைமேல் பட்டை வரைபடம் இருக்கும். அதைப் பார்த்தே நோட்டில் வரைந்துகொள்கிறார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனித்தேன். எல்லாப் பட்டைகளையும் ஒரே கோட்டிலிருந்து தொடங்க வேண்டும், மிட்டாய்களுக்கு இடையே சம இடைவெளி விட வேண்டும் என்று நான் சொல்லவே தேவையில்லை. நெருக்கி அடுக்கிய 7 சிவப்பைவிட, தள்ளித் தள்ளி அடுக்கிய 5 மஞ்சள் உயரமாகத் தெரிந்ததும் பிள்ளைகளே சண்டை போட்டுக்கொண்டு சரிசெய்துவிடுகிறார்கள். அளவுத்திட்டம் எதற்கு என்பது அந்தச் சண்டையிலேயே புரிந்துவிடுகிறது.

அடுத்து, "இந்த நிறங்களோட சராசரி என்ன?" என்று வேண்டுமென்றே கேட்கிறேன். சிலர் 20ஐ 4ஆல் வகுத்து 5 என்பார்கள். "அப்போ சராசரி நிறம் எது?" என்றால் சிரித்துவிடுவார்கள். நிறத்துக்குக் கூட்டுச்சராசரி கிடையாது. அதிக முறை வந்தது எது என்று மட்டுமே சொல்ல முடியும். அதுவே முகடு. எந்தத் தரவுக்கு எந்த அளவை பொருந்தும் என்ற எண்ணத்தை ஆறாம் வகுப்பிலேயே விதைத்துவிடலாம்.

செயல்பாடு 2: சமமாகப் பங்கிடுதல்

ஏழாம் வகுப்பில் ஐந்து பேரை வரிசையாக நிற்க வைத்து 2, 3, 3, 5, 7 என மிட்டாய் கொடுக்கிறேன். மொத்தம் 20. "யாருக்கும் கூடுதல் குறைவு இல்லாம இருக்கணும்னா ஆளுக்கு எத்தனை?" சூத்திரம் எதுவும் சொல்வதில்லை. 7 வைத்திருப்பவர் 2 உள்ளவருக்கு இரண்டும், 3 உள்ளவர்களில் ஒருவருக்கு ஒன்றும் கொடுப்பார். 5 வைத்திருப்பவர் மற்றொரு 3க்கு ஒன்று கொடுப்பார். எல்லார் கையிலும் 4. கூட்டுச்சராசரி என்பது சமமாகப் பங்கிட்டால் ஆளுக்குக் கிடைக்கும் அளவு என்று கை வழியே தெரிந்துவிடுகிறது. கூட்டி வகுப்பது அதற்கான குறுக்குவழி என்று பிறகு சொல்கிறேன்.

பழையபடி 2, 3, 3, 5, 7 என்று வைத்துக்கொண்டு, நடுவில் நிற்பவரைக் கை தூக்கச் சொன்னால் இடைநிலை அளவு 3. அதிக முறை வந்ததும் 3, அது முகடு. இப்போது கடைசியில் நிற்பவருக்கு மட்டும் மேலும் 15 மிட்டாய் கொடுக்கிறேன். வரிசை 2, 3, 3, 5, 22 என்றாகிறது. மொத்தம் 35, சராசரி 7. மற்ற நால்வருக்கும் ஒரு மிட்டாய்கூடக் கூடவில்லை. ஆனால் சராசரி 4இலிருந்து 7க்கு ஏறிவிட்டது. நால்வருமே சராசரிக்குக் கீழே போய்விட்டார்கள். இடைநிலை அளவோ 3இலேயே நிற்கிறது. ஒருவரிடம் மட்டும் குவிந்திருக்கும்போது எந்த அளவை நிலைமையைச் சரியாகச் சொல்கிறது என்று கேட்டுவிட்டு நான் ஓரமாக நின்றுகொள்வேன். பேச்சு அவர்களிடமிருந்தே வரும்.

ஒருமுறை ஆறு பேருக்கு 23 மிட்டாய் என்று வந்தது. சராசரி ஏறத்தாழ 3.83. "புள்ளி எட்டு மூணு மிட்டாயை எப்படி சார் தர்றது?" என்றாள் ஒரு மாணவி. நல்ல கேள்வி. சராசரி என்பது தரவில் உள்ள ஓர் எண்ணாக இருக்க வேண்டியதில்லை, அந்த அளவு மிட்டாய் யார் கையிலும் இல்லாமலும் இருக்கலாம் என்று சொன்னேன். அந்தப் பதிலின் முழுப் பொருள் எனக்கே சில மாதங்கள் கழித்துத்தான் விளங்கியது.

செயல்பாடு 3: ஒரே சராசரி, இரண்டு வரிசைகள்

பத்தாம் வகுப்பில் வீச்சும் திட்ட விலக்கமும் வருகின்றன. வகுப்பின் முன் இரண்டு வரிசைகளாகப் பத்துப் பேரை நிற்க வைத்தேன்.

முதல் வரிசை: 4, 5, 5, 5, 6
இரண்டாம் வரிசை: 0, 1, 5, 9, 10

இரண்டுக்கும் மொத்தம் 25, சராசரி 5. இடைநிலை அளவும் 5தான். "ரெண்டு வரிசையும் ஒண்ணா?" என்று கேட்டேன். "இல்ல சார்" என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் நாங்கள் கணக்கிட்ட இரண்டு அளவைகளும் ஒன்று என்றுதானே சொல்கின்றன? அப்படியானால் வேறொரு அளவை வேண்டும். வீச்சு முதல் வரிசைக்கு 2, இரண்டாம் வரிசைக்கு 10. ஒவ்வொருவரும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறார்கள் என்று பார்த்து, அந்த விலக்கங்களை வர்க்கப்படுத்திக் கூட்டினால் முதல் வரிசைக்கு 2, இரண்டாம் வரிசைக்கு 82. ஐந்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம் 0.63, 4.05. விலக்கத்தை ஏன் வர்க்கப்படுத்துகிறோம் என்பதற்கும் இரண்டாம் வரிசையே விடை. −5, −4, 0, 4, 5 ஆகியவற்றை அப்படியே கூட்டினால் 0 வந்து, விலகலே இல்லை என்று பொய் சொல்லும்.

கரும்பலகையில் இதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தபோது, 0 என்று வெறுங்கையுடன் நின்ற மாணவன் கேட்டான்: "எனக்கு ஒண்ணுமே இல்ல. எனக்கும் சராசரி அஞ்சா சார்?"

வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. "எங்க கழனி மாதிரி இருக்கு சார். ஏரித் தண்ணி மதகுகிட்ட இருக்கறவங்களுக்குத்தான் பாயும். அவங்களுக்குக் காணிக்கு முப்பது, முப்பத்தஞ்சு மூட்டை வந்துது. எங்களுது கடைசிக் கழனி. கதிரே வரல. ஊர் சராசரி நல்லா இருக்குன்னு இன்சூரன்ஸ் இல்லன்னுட்டாங்க. எங்கப்பா, நம்ம கழனியை யாரும் பாக்கவே இல்லியேன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு."

அன்று என்னிடம் பதில் இல்லை. வேளாண்மைத் துறையில் பணிபுரியும் நண்பர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அடுத்த வாரம் அதையே நான்காவது செயல்பாடாக வகுப்புக்குக் கொண்டுவந்தேன்.

செயல்பாடு 4: பாட்டிலைக் கொட்டாமல் எண்ணுதல்

ஒரு மிட்டாய் பாட்டிலில் 40 சிவப்பு, 30 மஞ்சள், 20 பச்சை, 10 ஆரஞ்சு என நூறு மிட்டாய்கள். எண்ணிக்கை எனக்கு மட்டும் தெரியும். எட்டுக் குழுக்கள். ஒவ்வொரு குழுவும் பாட்டிலை நன்றாகக் குலுக்கி, பார்க்காமல் 10 மிட்டாய் எடுத்து, சிவப்பை எண்ணிவிட்டுத் திரும்பப் போட வேண்டும். கிடைத்தவை 3, 5, 4, 4, 6, 2, 5, 4.

இதில் 2 மட்டும் எடுத்த குழு, பாட்டிலில் 20 சிவப்புதான் என்று அடித்துச் சொன்னது. 6 எடுத்த குழு 60 என்றது. எட்டையும் சேர்த்தபோது மொத்தம் 33, சராசரி 4.125. அதாவது நூறுக்கு ஏறத்தாழ 41. உண்மை 40. பாட்டிலைக் கொட்டாமலேயே இவ்வளவு அருகில் வந்துவிட்டோம். ஒரே ஒரு கூறை நம்பி முடிவு சொல்லக் கூடாது, பல கூறுகள் சேரும்போது பிழை குறைகிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த சுற்றில் ஒரு தந்திரம் செய்தேன். சிவப்பு மிட்டாய்களைக் கடைசியாகப் போட்டு, குலுக்காமல் மேலிருந்து எடுக்கச் சொன்னேன். பத்துக்கு 9 சிவப்பு. எத்தனை முறை எடுத்தாலும் இந்தத் தவறு குறையாது, ஏனென்றால் எடுக்கும் முறையே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. இதுதான் ஒருபக்கச் சார்பு.

இதற்குப் பிறகுதான் கழனிக்குப் போனோம். ஓர் ஊரில் நெல் எவ்வளவு விளைந்தது என்று அறிய எல்லாக் கழனியையும் அறுத்து எடைபோட முடியாது. எனவே சமவாய்ப்பு முறையில் சில வயல்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் கட்டி, அதை மட்டும் அறுத்து எடை பார்க்கிறார்கள். இதற்குப் பயிர் அறுவடைப் பரிசோதனை என்று பெயர். சதுரத்தின் பரப்பு 25 சதுர மீட்டர். ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர். ஆகவே கிடைத்த எடையை 400ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்கான விளைச்சல். 12 கிலோ நெல் கிடைத்தால் ஹெக்டேருக்கு 4,800 கிலோ. எங்கள் பிள்ளைகளில் பலர் இந்தக் கயிறு கட்டும் காட்சியைப் பார்த்திருக்கிறார்கள். அது கணக்குப் பாடம் என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

இந்த முறையின் பின்னால் நம் நாட்டு அறிஞர்களின் உழைப்பு இருக்கிறது. 1931இல் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய பி.சி. மகலனோபிஸ், வங்காளத்தில் சணல் பயிரை மதிப்பிட மாதிரிக் கணக்கெடுப்பைப் பெரிய அளவில் நடத்தினார். அவர் பிறந்த ஜூன் 29ஐத்தான் 2007 முதல் தேசியப் புள்ளியியல் தினமாகக் கொண்டாடுகிறோம். அறுத்துப் பார்க்கும் துண்டு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதில் அவருக்கும் பி.வி. சுகாத்மேக்கும் 1940களில் கருத்து வேறுபாடு எழுந்தது. துண்டு மிகச் சிறியதாக இருந்தால் எல்லைக் கோட்டில் நிற்கும் பயிரையும் உள்ளே சேர்த்துவிட நேர்ந்து, விளைச்சல் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும் என்று சுகாத்மே எடுத்துக்காட்டினார். இதை நம் மாணவர்களே சரிபார்க்கலாம். 1 மீட்டர் சதுரத்துக்குச் சுற்றளவு 4, பரப்பு 1. 5 மீட்டர் சதுரத்துக்குச் சுற்றளவு 20, பரப்பு 25. ஒரு சதுர மீட்டருக்கு எல்லை முதலதில் 4 மீட்டர், இரண்டாவதில் 0.8 மீட்டர்தான். எல்லை குறையக் குறைய எல்லைப் பிழையும் குறைகிறது.

விளைச்சலை வைத்து வழங்கும் பயிர்க் காப்பீட்டில் இப்படிக் கிடைக்கும் ஊர்ச் சராசரியைத்தான் முந்தைய ஆண்டுகளின் விளைச்சலிலிருந்து வகுத்த ஓர் அளவோடு ஒப்பிடுகிறார்கள். சராசரி அதற்குக் கீழே போனால், அந்தப் பயிருக்குக் காப்பீடு செய்த அந்த ஊர் விவசாயிகள் எல்லாருக்கும் இழப்பீடு உண்டு. கீழே போகாவிட்டால், தனி ஒருவரின் கழனி காய்ந்திருந்தாலும் இந்த வழியில் அவருக்குக் கிடைக்காது. ஒவ்வொரு கழனியையும் தனித்தனியாக மதிப்பிட ஆகும் செலவும் காலமும் மிக அதிகம் என்பதால் இந்த ஏற்பாடு. அதில் ஒரு நியாயம் இருக்கிறது. கடைசிக் கழனிக்காரரின் வருத்தத்திலும் நியாயம் இருக்கிறது.

இரண்டையும் அப்படியே வகுப்பில் வைத்தேன். அந்த மாணவன் கரும்பலகையில் இருந்த 0, 1, 5, 9, 10 என்ற வரிசையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்போ யாரும் தப்பா அளக்கல சார். சராசரிக்கு எங்க கழனி தெரியாது, அவ்வளவுதான்" என்றான். வீட்டில் அப்பாவுக்கு இதை விளக்கிச் சொல்லப்போவதாகவும் சொன்னான். பணம் வரப்போவதில்லை. ஆனால் தன் வீட்டு இழப்பு எந்த எண்ணுக்குள் மறைந்தது என்று ஒரு பத்தாம் வகுப்பு மாணவனால் சொல்ல முடிந்தது.

என் மதிப்பெண் பதிவேடு

அன்று மாலை மதிப்பெண் பதிவேட்டை எடுத்தேன். அதே வகுப்பில் 24 பேர். முந்தைய தேர்வில் கணிதச் சராசரி 51. கூட்டத்தில் கேட்டபோது "பரவாயில்லை, சராசரி ஐம்பதைத் தாண்டிவிட்டது" என்று நானே சொல்லியிருந்தேன். இப்போது மதிப்பெண்களை ஒரு கோட்டின்மேல் புள்ளிகளாக வைத்துப் பார்த்தேன். 70க்கு மேல் 10 பேர். 35க்குக் கீழ் 11 பேர். இடையில் வெறும் 3 பேர். என் வகுப்பில் 51 என்ற மாணவர் அநேகமாக இல்லவே இல்லை. நான் இல்லாத ஒருவருக்காகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்: முன்வரிசைக்குச் சலிப்பு, பின்வரிசைக்குப் புரியவில்லை. கழனியைப் பார்க்காமல் சராசரியைப் பார்த்தவர்களில் நானும் ஒருவன்.

அதன்பின் ஒவ்வொரு தேர்வுக்கும் சராசரியோடு வீச்சையும், 35க்குக் கீழ் உள்ளவர்களின் எண்ணிக்கையையும் சேர்த்தே எழுதுகிறேன். அந்த 11 பேருக்கும் பின்னங்களிலிருந்து தொடங்கி மாலையில் அரை மணி நேரம் தனியாக வகுப்பு நடக்கிறது. ஆசிரிய நண்பர்களே, உங்கள் பதிவேட்டையும் ஒருமுறை இப்படிப் புள்ளிகளாக வைத்துப் பாருங்கள். பத்து நிமிட வேலைதான்.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை

• தாள் சுற்றிய மிட்டாய்களையே பயன்படுத்துங்கள். பாடம் முடியும்வரை யாரும் பிரிக்கக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

• மிட்டாயைச் சரியான விடைக்குப் பரிசாகக் கொடுக்காதீர்கள். முடிவில் எல்லாருக்கும் சமமாகப் பங்கிடுங்கள். அதுவும் சராசரிதான்.

• சர்க்கரை சாப்பிடக் கூடாத பிள்ளை யாராவது இருக்கிறார்களா என்று முன்னரே பெற்றோரிடம் கேட்டுவிடுங்கள். இருந்தால் அன்று மிட்டாயே வேண்டாம். புளியங்கொட்டை, சோழி, பொத்தான் எதுவும் ஆகும்.

• தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் முதல் செயல்பாட்டில் பிரித்தல், எண்ணுதல், 'எது அதிகம், எது குறைவு' என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

• எங்கள் பகுதியில் நிலக்கடலை நல்ல மாற்று. ஒரு கைப்பிடிக் காயை உடைத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை பருப்பு என்று எண்ணினால் 1, 2, 3 என்று நிகழ்வெண் பரவல் கிடைத்துவிடும். திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது; அங்கிருந்து வந்த நிலக்கடலை இரகங்களின் பெயரில் உள்ள 'டி.எம்.வி.' என்பது திண்டிவனத்தைக் குறிக்கிறது என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் பெருமை தாங்காது.

இன்னொன்று, நான் செய்த தவறு. மூன்றாவது செயல்பாட்டில் 0 யாருக்கு என்பதை யோசிக்காமல், அருகில் நின்றவனுக்கு வைத்துவிட்டேன். வீட்டில் ஏற்கெனவே ஒன்றும் விளையாத ஆண்டில், வகுப்பின் முன் வெறுங்கையோடு நிற்பது அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று பிறகுதான் உறைத்தது. இப்போதெல்லாம் அந்த இடத்தில் நான்தான் நிற்கிறேன். "சார், உங்களுக்கும் சராசரி அஞ்சுதான்" என்று பிள்ளைகள் கத்துவார்கள். இரு கைகளையும் விரித்துக் காட்டிவிட்டு, "எங்கே அந்த அஞ்சு?" என்று கேட்பேன். பாடம் அங்கிருந்து தொடங்கும்.